கேம்பிரியன் வெடிப்பு கூர்ப்புக் கொள்கைக்கு எதிரான சாட்சியா?

திருகோணமலையில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "கூர்ப்பு மிக மெதுவாக, படிப்படியாக நடக்கிறது என்று படிக்கிறோம். ஆனால் கேம்பிரியன் காலத்தில் விலங்குகளின் பெரும் பிரிவுகள் எல்லாம் முன்னோர் எவரும் இல்லாமல் திடீரென்று தோன்றிவிட்டன, டார்வினே இதை ஒத்துக்கொண்டார் என்று ஒரு வீடியோ எங்கள் வகுப்புக் குழுவில் சுற்றுகிறது. அப்படியென்றால் கொள்கை பிழையா? அந்தக் காலத்து உயிர்ச்சுவடு எதையாவது எங்கள் ஊரில் பார்க்க முடியுமா?"

தங்கச்சி, கொள்கை பிழையில்லை. அதேநேரம் வீடியோவில் சொன்னது முழுக்க இட்டுக்கட்டியதும் இல்லை. கேம்பிரியன் காலத்தில் உண்மையிலேயே ஒரு பெரிய சங்கதி நடந்தது. "சுவடு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்" என்று சிலர் ஒரே வரியில் கேள்வியை மூடிவிடுவார்கள். அந்தப் பதிலும் எனக்குத் திருப்தி இல்லை. நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் இந்தத் "திடீர்" எவ்வளவு நீளம் என்று பார்ப்போம். கேம்பிரியன் காலம் இற்றைக்கு 538.8 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. அதன் ஆரம்ப அடுக்குகளில் கடலடிச் சேற்றை ஏதோ ஒன்று துளைத்துப் போன தடங்கள் இருக்கின்றன. பிறகு சில மில்லிமீற்றர் அளவான ஓடுகளும் முட்களும் குழாய்களும் வருகின்றன. படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் ட்ரைலோபைட் என்ற கணுக்கணுவான ஓடுள்ள கடல்விலங்கு ஏறத்தாழ 521 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்புதான் தலைகாட்டுகிறது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் சென்சியாங் என்ற இடத்தில் மென்னுடல் விலங்குகள் கூட்டங்கூட்டமாகப் பதிந்திருக்கும் பாறைக்கு வயது 518 மில்லியன் ஆண்டுகள். கனடாவின் பேர்ஜஸ் களிப்பாறை இன்னும் இளையது, 508 மில்லியன். அதாவது காலத்தின் தொடக்கத்தில் இருந்து சென்சியாங் விலங்குகள் வரைக்கும் மட்டுமே 20 மில்லியன் ஆண்டுகள் போயிருக்கின்றன.

20 மில்லியன் என்று சொன்னால் மனதில் பதியாது. ஒரு வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் எழுதப்பட்ட வரலாறு முழுவதும் இரண்டரை மீற்றருக்குள் அடங்கிவிடும். நம்முடைய மனித இனம் தோன்றி 3 இலட்சம் ஆண்டுகள் என்றால் அது 300 மீற்றர். அந்த 20 மில்லியன் ஆண்டுகளுக்கு நீங்கள் திருகோணமலை நகரத்தில் இருந்து வெளிக்கிட்டு நிலாவெளியையும் தாண்டிப் போகவேண்டும். அங்கிருந்து இன்றைய நாள் வரை வருவதற்கு இலங்கையின் வடமுனையில் இருந்து தென்முனை வரையான தூரமும் போதாது. இந்த நீளத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அது குறுகியது என்பதால்தான் புவிச்சரிதவியலாளர்கள் "வெடிப்பு" என்கிறார்கள். வீடியோ செய்பவர்கள் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு காலையில் எழும்பிப் பார்க்கும்போது கடல் நிறைய விலங்கு இருந்தது என்பதுபோல் காட்டுகிறார்கள்.

இந்த வயதுகளை யாரோ குத்துமதிப்பாகச் சொன்னதாக நினைக்கவேண்டாம். இதற்குச் சாட்சி நம்முடைய மாவட்டத்திலேயே கிடக்கிறது. புல்மோட்டைக் கரை மணலில் இல்மனைட் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதே மணலில் சிர்கோன் என்ற கனிமமும் கலந்திருக்கிறது. ஒரு மணியைப் பிரித்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் நிறமில்லாமலோ இலேசான தேன் நிறத்திலோ பளபளக்கும். சிர்கோன் உருகிய பாறைக்குழம்பில் படிகமாகும்போது யுரேனியத்தைக் கொஞ்சம் தன்னுள் எடுத்துக்கொள்ளும், ஈயத்தைக் கிட்டத்தட்ட எடுக்கவே எடுக்காது. பிறகு உள்ளே இருக்கும் யுரேனியம் தேய்ந்து ஈயமாகிறது. யுரேனியம் 238இன் அரை ஆயுள் 4.47 பில்லியன் ஆண்டுகள், யுரேனியம் 235க்கு 704 மில்லியன் ஆண்டுகள். ஆகவே ஒரே மணிக்குள் இரண்டு வெவ்வேறு வேகத்தில் கணக்கு ஓடுகிறது. இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் அந்த வயதை நம்பலாம். கேம்பிரியன் எல்லைப் பாறைகளின் நடுவே, நமீபியா போன்ற இடங்களில், பழைய எரிமலைச் சாம்பல் படைகள் இருக்கின்றன. சாம்பலில் உள்ள சிர்கோனை அளந்தால் அதற்கு மேலும் கீழும் உள்ள சுவடுகளுக்கு வயது கட்டலாம். 538.8 என்று ஒரு தசமதானத்துக்குச் சொல்ல முடிவது இதனால்தான்.

சரி, ஊரில் பார்க்க முடியுமா என்று கேட்டீர்கள். கேம்பிரியன் சுவடு இங்கே கிடைக்காது, அதற்கான காரணம் உங்கள் முதல் கேள்வியோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. கோணேசர் கோயிலுக்குப் போகும்போது இராவணன் வெட்டுப் பக்கமாக நின்று பாறையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நம்முடைய ஊர் நிற்கும் பாறை உருமாறிய பாறை. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் அப்படிப்பட்டதுதான். இந்தியா, மடகாஸ்கர், கிழக்கு ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா எல்லாம் ஒன்றோடு ஒன்று மோதி கொண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவானபோது இந்தப் பாறைகள் 20 கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில், 700 பாகை செல்சியசுக்கு மேலான சூட்டில் அவிந்துகொண்டிருந்தன. காலம், இற்றைக்கு ஏறத்தாழ 600 முதல் 550 மில்லியன் ஆண்டுகள். அதாவது, வேறு கடல்களில் விலங்குகள் முதன்முதலாகப் பெருகத் தயாரான அதே காலத்தில் நம்முடைய பாறை நிலத்தின் அடியில் வெந்துகொண்டிருந்தது. சேறாகவோ மணலாகவோ தொடங்கிய பாறையாக இருந்தாலும், அந்தச் சூட்டிலும் அமுக்கத்திலும் கனிமங்கள் மறுபடி படிகமாகிவிடும், புழு ஊர்ந்த தடம் ஒன்று அதில் மிஞ்சாது.

இலங்கையில் சுவடு பார்க்க ஆசையென்றால் வேறு இடங்கள் உண்டு. யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லில் மயோசீன் காலத்துக் கடல் உயிர்கள் இருக்கின்றன. புத்தளத்துக்கு அருகே தப்போவையில் யுறாசிக் காலத்து இலைச் சுவடுகள் கிடைத்திருக்கின்றன. இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டும் குழிகளில் நீர்யானை, காண்டாமிருக எலும்புகள் வந்தன. எல்லாமே கேம்பிரியனுக்கு வெகு பின்னால். இவ்வளவு பெரிய தீவில் ஒரு கேம்பிரியன் சுவடும் இல்லை என்பதை வைத்து "கேம்பிரியன் காலத்தில் உயிரே இல்லை" என்று ஒருவர் சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் அல்லவா? உலகம் முழுவதும் மிகப் பழைய பாறைகளில் பெரும்பகுதிக்கு நடந்ததும் இதுதான். புதைந்தன, உருமாறின, அல்லது அரித்துப் போயின.

டார்வின் சொன்னது இதைத்தான். 1859இல் வந்த "இனங்களின் தோற்றம்" நூலில் புவிச்சரிதப் பதிவின் குறைபாடு பற்றி ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. அன்றைக்கு அறியப்பட்ட மிகப் பழைய சுவடு அடுக்குகளில் பெரும் பிரிவுகள் திடீரெனத் தோன்றுவது தனக்கு விளங்கவில்லை என்றும், தன் கருத்துக்கு எதிராக அதை ஒருவர் நியாயமாகவே எழுப்பலாம் என்றும் அவர் எழுதினார். வீடியோ அங்கேயே நிறுத்திவிடுகிறது. டார்வின் நிறுத்தவில்லை. தன் கொள்கை சரியென்றால் அந்த அடுக்குகளுக்கு முன்னால் மிக நீண்ட காலம் ஒன்று இருந்திருக்க வேண்டும், அப்போதும் உலகில் உயிர்கள் நிறைந்திருக்க வேண்டும் என்று அவரே எதிர்வு கூறினார். அவர் உயிரோடு இருந்த காலத்தில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

பிறகு கிடைத்தது. 1946இல் தென் அவுஸ்திரேலியாவின் ஈடியாக்கரா குன்றுகளில் ரெஜ் ஸ்பிரிக் என்ற புவிச்சரிதவியலாளர் மணற்கல்லில் வட்டமும் நீள்வட்டமுமான பதிவுகளைக் கண்டார். அவற்றின் முக்கியத்துவம் உடனே யாருக்கும் ஏறவில்லை. அப்புறம் இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவம், உங்கள் வயதுக்காரர் என்பதால் இதைக் கட்டாயம் சொல்லவேண்டும். லெஸ்டர் நகருக்குப் பக்கத்தில் சார்ன்வூட் என்ற காட்டுப்பகுதியில் உள்ள பாறைகள் கேம்பிரியனுக்கு முந்தியவை என்பது அப்போதே உறுதியாகத் தெரியும். 1956இல் டீனா நீகஸ் என்ற பள்ளி மாணவி அதில் ஒரு பெரிய இலை போன்ற பதிவைக் கண்டு ஆசிரியரிடம் சொன்னார். அந்தப் பாறையில் உயிர்ச்சுவடு இருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லி ஆசிரியர் அதோடு விட்டுவிட்டார். அடுத்த வருடம் பாறை ஏறப் போன ரொஜர் மேசன் என்ற மாணவன் அதையே கண்டு, தாளை வைத்துத் தேய்த்துப் படி எடுத்துக்கொண்டு வந்தான். அவனுடைய தகப்பன் அதைப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். 1958இல் அதற்கு சார்னியா மேசோனி என்று பெயர் வைக்கப்பட்டது. கேம்பிரியனுக்கு முன் கண்ணால் பார்க்கக்கூடிய பெரிய உயிர் இருந்தது என்பதற்கு மறுக்க முடியாத சான்று அதுதான்.

இன்றைக்கு இந்த முன்காலம் வெறுமையாக இல்லை. அந்தக் குன்றுகளின் பெயரால் ஈடியாக்கரன் என்று அழைக்கப்படும் உயிர்கள் ஏறத்தாழ 575 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கிடைக்கின்றன. ரஷ்யாவின் வெண்கடல் கரையில் எடுத்த டிக்கின்சோனியா என்ற தட்டையான, வரிவரியான உயிரின் 558 மில்லியன் ஆண்டுச் சுவட்டில் கொலஸ்திரோல் மூலக்கூறின் எச்சம் இருப்பதாக 2018இல் காட்டினார்கள். கொலஸ்திரோல் விலங்குகளின் அடையாளம். ஆகவே அது தாவரமா, பூஞ்சையா என்று பல பத்தாண்டுகள் நடந்த வாதம் விலங்கின் பக்கம் சாய்ந்தது. அதே பகுதியில் கிடைத்த கிம்பரெல்லா, மட்டிக்கும் கணவாய்க்கும் தூரத்து உறவாக இருக்கலாம். வயது 555 மில்லியன். கேம்பிரியனுக்குச் சற்று முன்பு கிளவுடினா என்ற குழாய் ஓட்டு விலங்கு வருகிறது. ஒன்றுக்குள் ஒன்று சொருகிய குட்டிக் கூம்புகள் போன்ற ஓடு. சீனாவில் கிடைத்த சில ஓடுகளில் யாரோ துளை போட்டிருக்கிறார்கள். உண்பவனும் உணவும் அப்போதே இருந்திருக்கிறார்கள்.

பதிவு ஏன் இவ்வளவு ஓட்டையாக இருக்கிறது என்பதற்கு உப்புவெளிக் கரையில் ஒரு நடை போய்வந்தால் போதும். சோகியும் சங்கும் மட்டி ஓடும் மாதக்கணக்காக மணலில் கிடக்கும். கரையொதுங்கிய சொறிமுட்டை ஒரு நாள் வெயிலுக்குத் தாங்காது, அடுத்த நாள் பார்த்தால் அடையாளமே இருக்காது. ஓடு, முள், பல் என்று கடினமான உறுப்புகள் வந்த பிறகுதான் விலங்குகள் கல்லில் தாராளமாகப் பதியத் தொடங்கின. மென்னுடல் பதிவாகவேண்டும் என்றால் நுண்ணிய சேறு சட்டென்று மூடவேண்டும், ஒட்சிசன் உள்ளே போகக்கூடாது. சென்சியாங்கிலும் பேர்ஜஸிலும் நடந்தது அந்த அபூர்வம். 1909இல் சார்ள்ஸ் வால்கொட் பேர்ஜஸ் பாறைகளைக் கண்டுபிடித்தார், பல பருவங்கள் திரும்பத் திரும்பப் போய் 65,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேர்த்தார். சென்சியாங்கை ஹோ சியன்குவாங் 1984இல்தான் கண்டார். இப்படிப்பட்ட ஜன்னல்கள் உலகத்தில் மிகக் குறைவு.

ஆனால் எல்லாவற்றையும் "பதிவின் குறை" என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. காரணம் தடங்கள். சேற்றில் ஊர்ந்த தடம் பதிவதற்கு ஓடு தேவையில்லை, மெல்லிய புழுவுக்கும் தடம் உண்டு. ஈடியாக்கரன் அடுக்குகளில் உள்ள தடங்கள் பெரும்பாலும் எளிமையானவை, கடலடியின் மேற்பரப்பை ஒட்டியே போகும். கேம்பிரியன் எல்லையில் ட்ரெப்டிக்னஸ் என்று பெயரிட்ட ஒரு தடம் வருகிறது: கிடையாகப் போய், மேல்நோக்கி எழும்பி, மறுபடி அடுத்த கிளை. எல்லைக்கோடே அதை வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு துளைகள் ஆழமாகின்றன, வடிவங்கள் பலவகையாகின்றன, கால்களின் கீறல்கள் தெரிகின்றன. விலங்குகளின் நடத்தையே மாறியிருக்கிறது. ஆகவே வேகமான மாற்றம் ஒன்று உண்மையாகவே நடந்தது. அதை விளக்கவேண்டிய கடமை அறிவியலுக்கு உண்டு, அது அந்தக் கடமையைத் தட்டிக்கழிக்கவும் இல்லை.

இனி "பெரும் பிரிவுகள் எல்லாம் முழுமையாக வந்து இறங்கின" என்ற பேச்சு. வீடியோவில் இதுதான் மிகவும் தவறான பகுதி, நான் அதிகம் சொல்ல விரும்புவதும் இதைப் பற்றித்தான்.

திருகோணமலை மீன்சந்தைக்குக் காலையில் போனால் கணங்கள் என்று நாம் படிக்கும் இந்தப் பெரும் பிரிவுகளில் பலவற்றைப் பலகையிலேயே பார்த்துவிடலாம். நண்டும் இறாலும் ஆத்திரோப்போடா, கணவாய் மொலஸ்கா, மீன் கோடேற்றா. கடலட்டை எக்கைனோடேமேற்றா, சொறிமுட்டை நைடேரியா. அவை தெளிவாக வேறுவேறாக நிற்பதற்குக் காரணம், இடையில் இருந்த உறவினர்கள் எல்லாரும் அழிந்துபோய், நுனிக் கிளைகள் மட்டும் நம் கையில் இருப்பதுதான். கேம்பிரியன் கடலில் அந்தத் தெளிவு இல்லை. அங்கே போய் நின்றால் எதை எந்தக் கணத்தில் போடுவது என்று நீங்களும் நானும் குழம்பியிருப்போம்.

உண்மையில் நிபுணர்களே குழம்பினார்கள். கனடாவில் கிடைத்த, கணுக்கணுவாக வளைந்த ஒரு பாகத்தைத் தலையில்லாத இறாலின் உடம்பு என்று நினைத்து 1892இல் அனொமலோகேரிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1911இல் வால்கொட், நடுவில் ஓட்டை உள்ள அன்னாசிச் சீவல் மாதிரியான ஒரு வட்டத்தைச் சொறிமுட்டை என்று விவரித்தார், இன்னொரு நசுங்கிய உடம்பைக் கடலட்டை என்றார். 1985இல் ஹரி விட்டிங்டனும் டெரெக் பிரிக்ஸும்தான் இவை மூன்றும் தனித்தனி விலங்குகள் அல்ல என்று காட்டினார்கள். "இறால்" என்பது இரையைப் பிடிக்கும் முன்கை, "சொறிமுட்டை" என்பது அந்த வகை விலங்கின் வாய், "கடலட்டை" என்பது அதன் உடல். பிற்பாடு அவுஸ்திரேலியாவில் கிடைத்த ஒரு சுவட்டில் இந்த விலங்கின் கண் பதிந்திருந்தது. ஒரு கண்ணிலேயே 16,000க்கும் மேற்பட்ட வில்லைகள்.

இப்போது பாருங்கள். அனொமலோகேரிஸுக்கு இறாலைப்போல் மூட்டுள்ள முன்கை இருக்கிறது, கூட்டுக்கண் இருக்கிறது. ஆனால் உடம்பில் நண்டு இறாலுக்கு இருப்பதுபோன்ற மூட்டுக் கால் வரிசை இல்லை, பக்கவாட்டில் மடல்கள் இருக்கின்றன. அதே காலத்து ஒபாபினியா என்ற விலங்குக்கு ஐந்து கண், முன்னால் தும்பிக்கை போன்ற ஒரு நீட்சி. இன்னும் பின்னால் போனால் ஹலுசிஜீனியா போன்ற, மூட்டில்லாத மெதுகால்களோடு நடந்த புழுக்கள். 1977இல் ஹலுசிஜீனியாவின் முட்களைக் கால் என்று நினைத்துத் தலைகீழாக வரைந்தார்கள், 1991இல்தான் அது நிமிர்ந்தது, தலை எந்தப் பக்கம் என்பது 2015இல் உறுதியானது. இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் மெதுகால் புழுவில் இருந்து மூட்டுக்கால் விலங்கு வரைக்குமான படிகள் தெரிகின்றன. ஆத்திரோப்போடாவின் இலட்சணங்கள் ஒன்றாகச் சேர்ந்து வரவில்லை, ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன. இடைப்பட்ட வடிவங்கள் இல்லை என்று சொல்லும் வீடியோ, இடைப்பட்ட வடிவங்கள் குவிந்து கிடக்கும் பாறைகளையே சாட்சிக்கு அழைக்கிறது.

அந்தக் காலத்துக்குள் இவ்வளவு மாற முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். 2013இல் மைக்கேல் லீயும் சக ஆய்வாளர்களும் ஆத்திரோப்போடாவின் உருவ மாற்றத்தையும் டீஎன்ஏ மாற்றத்தையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். கேம்பிரியன் காலத்தில் உருவம் மாறிய வேகம் பிற்காலத்தைப்போல் ஏறத்தாழ 4 மடங்கு, மரபு மாற்றத்தின் வேகம் ஏறத்தாழ 5.5 மடங்கு. வேகம்தான், ஆனால் இயற்கைத் தேர்வால் எட்ட முடியாத வேகம் இல்லை. ஒளி உணரும் தட்டையான தோலில் இருந்து வில்லையுள்ள கண் வர 4 இலட்சம் தலைமுறைக்கும் குறைவாகப் போதும் என்று நில்சன், பெல்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல், வேண்டுமென்றே கஞ்சத்தனமாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். வருடத்துக்கு ஒரு தலைமுறை காணும் சிறு கடல்விலங்குக்கு அது அரை மில்லியன் ஆண்டுகூட இல்லை. நம் காலத்திலேயே கலாபகோஸ் தீவுகளில் 1977 வரட்சிக்குப் பிறகு குருவிகளின் அலகுப் பருமன் அடுத்த தலைமுறையிலேயே கூடியதை கிராண்ட் என்ற ஆய்வாளர் தம்பதியர் அளந்து பதிந்தார்கள். கொள்கை எந்த இடத்திலும் "ஒரே வேகம்" என்று நிபந்தனை போடவில்லை. சூழல் நெருக்கினால் வேகம், நெருக்காவிட்டால் மந்தம்.

அப்போது நெருக்கியது எது? இதில் ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பூமி முழுவதும் பனி மூடிய கடைசிப் பெரும் உறைகாலம் 635 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அதற்குப் பின் கடலில் ஒட்சிசன் ஏற்ற இறக்கத்தோடு கூடிவந்தது. ஒட்சிசன் குறைந்த நீரில் சிறிய, மெதுவான உடல்தான் சாத்தியம், துரத்திப் பிடிக்கும் வாழ்க்கைக்கு நிறைய வேண்டும். உடலின் முன் பின் எது, உடலின் எந்தத் துண்டில் எந்த உறுப்பு என்று வழிநடத்தும் ஹொக்ஸ் பரம்பரையலகுகள் கேம்பிரியனுக்கு முன்பே விலங்குகளிடம் இருந்தன. ஈக்கும் நமக்கும் அவை பொதுவாக இருப்பதே அதற்குச் சான்று. கடல் மட்டம் உயர்ந்து கண்ட ஓரங்கள் ஆழமற்ற கடலாகின. அரித்து வந்த கல்சியமும் பொசுபேற்றும் ஓடு செய்யப் பொருளாயின.

இவை எல்லாம் கதவைத் திறந்துவிட்ட காரணங்கள். வேகத்தைக் கொடுத்தது, என் பார்வையில், விலங்குகள் ஒன்றை ஒன்று தின்னத் தொடங்கியதுதான். ஒன்று துளை போட்டால் மற்றது ஓட்டைத் தடிப்பாக்க வேண்டும். ஒன்றுக்குக் கண் வந்தால் மற்றது சேற்றுக்குள் ஒளியவேண்டும். சேற்றைத் துளைத்தபோது அதுவரை கடலடியை மூடியிருந்த நுண்ணுயிர்ப் படலம் கிழிந்தது, ஒட்சிசன் கீழே இறங்கியது, அங்கே புதிதாக வாழிடம் உண்டானது. அதே நேரத்தில் அந்தப் படலத்தில் ஒட்டி வாழ்ந்த ஈடியாக்கரன் உயிர்களுக்கு இடமில்லாமல் போனது. ஒரு மாற்றம் அடுத்த மாற்றத்தைத் தூண்டும் இந்தச் சங்கிலிக்கு வெளியில் இருந்து ஒரு சிறப்புத் தள்ளு வேண்டியதில்லை.

வீடியோவில் இடைநிறுத்தச் சமநிலை என்ற கருத்தையும் இதோடு குழப்பியிருப்பார்கள், வழக்கமாக அப்படித்தான் செய்கிறார்கள். நைல்ஸ் எல்ட்ரெஜும் ஸ்டீவன் ஜே கூல்டும் 1972இல் சொன்னது வேறு விஷயம். ஒரு இனம் நெடுங்காலம் பெரிதாக மாறாமல் இருக்கும், புதிய இனம் பிரியும்போது மாற்றம் சட்டென்று நடக்கும் என்பது அவர்கள் கருத்து. அவர்களுடைய "சட்டென்று" ஆயிரக்கணக்கான, பத்தாயிரக்கணக்கான ஆண்டுகள். அது இனப்பிரிவின் அளவில் நடப்பது, கணங்களின் தோற்றம் பற்றியது இல்லை. கூர்ப்பு நடக்கவில்லை என்பதற்குத் தன்னைச் சாட்சியாக இழுத்ததைக் கூல்ட் பகிரங்கமாகவே கண்டித்து எழுதினார்.

பெருக்கம் கேம்பிரியனோடு முடிந்துவிடவும் இல்லை. அதற்கு அடுத்து வந்த ஓடோவிசியன் காலத்தில் கடல்வாழ் குடும்பங்கள் பலமடங்கு பெருகின. 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் போன பிறகு பாலூட்டிகள் அந்த இடங்களை நிரப்பின. திருகோணமலைக் கடலுக்கு வரும் திமிங்கிலங்களின் வம்சமும் அப்படித்தான்: ஏறத்தாழ 50 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் நாலு காலில் நடந்த பாக்கிசீட்டஸ், 10 மில்லியன் ஆண்டுகள் கழித்துக் கரைக்கே வர முடியாத பசிலோசோரஸ். விக்டோரியா ஏரியில் சில நூறு சிக்லிட் மீனினங்கள் ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்குள் பிரிந்தன. நம் தீவில், பெரும்பாலும் ஈரவலயத்தில், 70க்கும் மேற்பட்ட புதர்த்தவளை இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன, இந்தியாவில் இருந்து வந்த ஒரு மூதாதையின் வழியில் பெருகியவை. பூக்கும் தாவரங்களின் திடீர்ப் பெருக்கம் டார்வினைக் கடைசிவரை உறுத்தியது, 1879இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பொறுக்க முடியாத மர்மம் என்றே குறிப்பிட்டார். அந்தத் துறையில் இன்றும் வேலை நடக்கிறது.

உங்கள் வகுப்பில் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் போகிற பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுடைய நம்பிக்கையைத் தொட இந்தப் பதிலை எழுதவில்லை. ஆனால் "பாறையில் இது இல்லை" என்று ஒருவர் சொன்னால், அது போய்ப் பார்த்துத் தீர்க்கக்கூடிய பேச்சு. அதைப் பார்த்துத்தான் தீர்க்கவேண்டும்.

கொள்கையைப் பொய்யாக்க என்ன வேண்டும் என்று வகுப்பில் யாராவது கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: கேம்பிரியன் பாறையில் ஒரு முயலின் எலும்பு, ஒரு பூவின் மகரந்தம், தாடையுள்ள ஒரு சுறா. சென்சியாங்கில் மீன் கிடைத்திருக்கிறது. ஹைக்கோயிக்திஸ் என்று பெயர், இரண்டரை சென்றிமீற்றர் நீளம், தாடை இல்லை. தாடையுள்ள மீன்களின் நல்ல முழுச் சுவடுகள் ஏறத்தாழ 436 மில்லியன் ஆண்டுப் பாறைகளில்தான் வருகின்றன. கரையேறிய முதுகெலும்பிகள் அதற்கும் பிறகு. நீல் ஷூபினும் டெட் டேஷ்லரும் மீனுக்கும் நாலுகால் விலங்குக்கும் இடைப்பட்ட ஒன்றைத் தேடியபோது, அது எந்த வயதுப் பாறையில், எப்படிப்பட்ட படிவில் இருக்கவேண்டும் என்று முதலில் கணக்குப் பார்த்தார்கள். ஏறத்தாழ 375 மில்லியன் ஆண்டு வயதுள்ள ஆற்றுப் படிவுகள் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் வெளித்தெரிந்தன. பல கோடைகாலங்கள் அங்கே தோண்டி, 2004இல் செதிலும் துடுப்பும் கழுத்தும் மணிக்கட்டு எலும்பும் ஒன்றாக உள்ள டிக்டாலிக்கை எடுத்தார்கள்.